கையில் ஒன்றுமில்லாமல் 250 கேட்பது எப்படி

முன்னூற்றிநாலு என்ற கடதாசி ஆட்டத்தில் நாற்பது வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறவன் என்ற ஒரே தகுதியோடு இதை எழுதுகிறேன். வெல்கிறவர்கள் இப்படி எழுதித் தரமாட்டார்கள். அவர்களுக்குக் காப்பாற்ற ரகசியம் உண்டு. என் ரகசியமெல்லாம் கடதாசியைத் தூக்கிப் பார்க்கும்போதே என் முகத்தில் ஏறிவிடுவதால், இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

திருகோணமலையில் துறைமுகத்தைச் சுற்றி நாலு பேர் ஓரிடத்தில் குந்தினால், கடதாசிக் கட்டு எங்கிருந்தோ தானாக வந்துவிடும். எங்கள் கூட்டத்தில் சீனக்குடாவில் மா ஆலை வேலை பார்த்து ஓய்ந்த அண்ணை ஒருவர். மூதூருக்கும் இங்கைக்குமாக லோஞ்ச் ஓட்டிய நானா ஒருவர். உயர்தர வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்துப் பென்சன் எடுத்த மாஸ்டர் ஒருவர். நாலாவது நான். மூன்று கெட்டிக்காரர் சேர்ந்தால் அவர்களுக்குத் தீனியாக ஒருவன் வேண்டுமல்லவா?

முதலில் இடம். வீட்டில் விளையாடக்கூடாது. தோற்றதை மனுசி பார்த்துவிடுவாள், வென்றால் அதற்கும் ஒரு கதை சொல்லுவாள். ஆட்டத்துக்கு மிக உகந்த இடம் செத்தவீடுதான். பிணத்தைத் தனியே விடக்கூடாது, ஆம்பிளைகள் நாலு பேராவது விடிய விடிய முழித்திருக்க வேண்டும், முழித்திருக்கக் கையில் ஏதாவது அலுவல் வேண்டும். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள் தயாராக இருக்கும். இஞ்சி போட்ட தேத்தண்ணி கேட்காமலே வரும். இவையெல்லாவற்றையும் விடப் பெரிய வசதி ஒன்று உண்டு. அங்கே ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தேத்தண்ணி குடிக்கலாம். 52 தாளில் இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் எடுத்து வைத்துவிட்டால் 32 மிஞ்சும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சைபர். ராசாவுக்கு மூன்று, அவருடைய எடுபிடிக்கு முப்பது என்பதில் கந்தோரில் வேலை பார்த்த எவருக்கும் ஆச்சரியம் இருக்காது. ஒரு சாதிக்கு 76 வரும், நாலு சாதிக்கும் 304. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் என்ற ஆட்டத்திலும் துரும்பில் ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. அங்கேயும் இந்த இரண்டு பேரும்தான் ஆஸுக்கு மேலே இருக்கிறார்கள். எங்கள் கிழவர்கள் இஸ்கோப்பன், ஆட்டின், ரூவிதன், கலாவரை என்று சொல்லிக்கொண்டிருந்ததும் ஒல்லாந்துச் சொற்களைத்தான். கோட்டையை வெள்ளைக்காரன் பிடித்தான், கடதாசியின் பெயர்களை எங்கள் பாட்டன்மார் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

நாலு பேர். எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு பேர் பார்ட்னர்கள். முதலில் ஆளுக்கு நாலு தாள் போட்டுக் கேள்வி தொடங்கும். ஆகக் குறைந்த கேள்வி 160. நூறை விழுங்கிவிட்டு ‘அறுபது’, ‘எழுபது’ என்றுதான் சொல்லுவோம். கூடக் கேட்டவர் ஒரு தாளைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். பிறகு மற்ற நாலு தாளும் வரும். எட்டையும் பார்த்தபின் துணிச்சல் உள்ளவர் 250ஓ அதற்கு மேலோ கேட்டு ஆட்டத்தைப் பறிக்கலாம். கேட்டதை எடுத்தால் காய் வரும், எடுக்காவிட்டால் போகும்.

எங்கள் பக்கத்துக் கணக்கில் 200க்குக் குறைந்த கேள்வியை வென்றால் ஒரு காய், தோற்றால் இரண்டு. 200 கேட்டால் வெற்றிக்கு இரண்டு, தோல்விக்கு மூன்று. 250க்கு மூன்றும் நாலும். இதை மாஸ்டர் ஒருநாள் ஈர்க்கால் மணலில் எழுதிக் காட்டினார். 160 கேட்பவன் கைக்கு நட்டமில்லாமல் இருக்க மூன்றில் இரண்டு தரம் வெல்ல வேண்டும். 250 கேட்பவனுக்கு ஏழில் நாலு தரம் போதும், அதாவது 100க்கு 57. கேள்வி பெருக்கப் பெருக்கப் பிழை விடுவதற்குச் சலுகை கூடுகிறது. பெரிய பொய்க்குத் தண்டனை குறைவு என்று நான் விளங்கிக்கொண்டேன். மாஸ்டர் சொல்லவந்தது அது இல்லையாம்.

இனி வெருட்டு.

வெருட்டு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கரைவலை இழுத்து மீன் கரைக்கு வந்து ஏலம் நடக்கிறபோது போய் நின்று பாருங்கள். உண்மையாக மீன் வேண்டிய முதலாளி மீனைப் பார்க்கவேமாட்டார். கடலைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், பக்கத்தில் நிற்கிறவனிடம் மகளின் கலியாணத்தைப் பற்றிக் கதைப்பார். மீனைக் குனிந்து பார்த்து, செவுளைத் தூக்கி, தலையை ஆட்டுகிறவர் விலையை ஏத்திவிட்டுப் போக வந்தவர். இந்த வித்தையை முன்னூற்றிநாலுக்குக் கொண்டுவர நான் பல வருஷம் பாடுபட்டேன். கையில் ஜாக் இல்லாதபோது பந்தல் ஓலையைப் பார்த்தேன். இருந்தபோதும் ஓலையைப் பார்த்தேன். நானா சிரித்தார். “தம்பி, ஜாக் இருந்தா உனக்குக் கால் ஆடும்” என்றார். முகத்தைப் பழக்குகிறவர்கள் காலையும் சேர்த்துப் பழக்க வேண்டும் என்பது என் இரண்டாவது அறிவுரை.

சைகை காட்டிப் பார்ட்னருக்குச் சொல்லுவது வெருட்டு இல்லை, அளாப்பல். ஆனாலும் எல்லோரும் ஒருதரமாவது முயன்று பார்த்திருப்பார்கள். காதைச் சொறிந்தால் ஜாக், கழுத்தைச் சொறிந்தால் ஒன்பது என்று நானும் அண்ணையும் ஒருமுறை பேசி வைத்தோம். செத்தவீட்டில் நுளம்பு அதிகம். அன்றிரவு அண்ணை எனக்குப் பதினொரு ஜாக் காட்டினார்.

எண்ணிக்கை தெரியாமல் வெருட்டக்கூடாது. முதல் நாலு தாளில் ஒரு ஜாக்காவது வருவதற்கு 100க்கு 43 தரம்தான் வாய்ப்பு. ஆகவே கேள்வி தொடங்கும்போது ஒருவன் கையில் ஜாக் இல்லாமலிருப்பதே வழமை. அறுபது என்று சொல்லுகிறவர்களில் பாதிப்பேர் பார்ட்னரின் கையை நம்பித்தான் சொல்லுகிறார்கள். 160 என்றால் 304இல் பாதியான 152ஐ விட எட்டுத்தான் கூட. இந்தக் கேள்விக்குப் பெரிய பொய் தேவையில்லை, சின்னப் பொய் போதும். 

சின்னப் பொய்யோடு நான் நின்றிருப்பேன். கெடுத்தது கனடாவிலிருந்து வந்த மருமகன்.

அவன் ஸ்காபரோவில் இருந்து ஒரு ஓகஸ்ட் லீவுக்கு வந்து உப்புவெளியில் தங்கியிருந்தான். பின்னேரத்தில் கடற்கரையில் பாயைப் போட்டு, “மாமா, லோபோல் தெரியுமோ?” என்றான். போக்கரில் ஒரு வகை. ஐந்து தாள் போடுவார்கள். வேண்டாததை எறிந்துவிட்டுக் கட்டிலிருந்து புதிதாக எடுக்கலாம். கடைசியில் ஆக மோசமான கை எவனிடமோ அவன்தான் பணத்தை அள்ளுவான்.

“ஆக மோசமானதோ?”

“ஓம் மாமா. சோடி சேர்ந்தால் கூடாது. வரிசை வந்தால் கூடாது. ஒரே சாதியும் கூடாது. ஆஸ் பெரிசு, அதுவும் கூடாது. ஏழு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு வந்தால் அதுதான் ஆகத் திறமான கை.”

எனக்காகவே யாரோ புண்ணியவான் கண்டுபிடித்த ஆட்டம் என்று நினைத்தேன். முதல் கையைத் தூக்கினேன். என் வாழ்நாளிலேயே முதற்தடவையாக மூன்று ஜாக் ஒன்றாக வந்திருந்தன.

அந்த ஆட்டத்தில் வெருட்டுக்கு இருக்கிற மதிப்பை அன்றைக்குத்தான் கண்டேன். எத்தனை தாள் மாற்றுகிறீர்கள் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், எந்தத் தாள் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று மாற்றினால் கை வெறுமை. ஒன்று மாற்றினால் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஒன்றுமே மாற்றாவிட்டால் கை நிறைவு. ஆகவே பின்னால் இருந்து மாற்றுகிறவன் பாக்கியசாலி, முன்னால் உள்ளவன் எத்தனை கேட்டான் என்று பார்த்துவிட்டுத் தன் முடிவை எடுக்கலாம். மருமகன் எண்ணியே காட்டினான். கையில் இரண்டு, மூன்று, நாலு, ஏழு இருக்க ஒரு தாள் இழுக்கிறவனுக்குத் தெரியாத தாள் 47. அதில் ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது என்று 16 தாள் அவனுக்கு நல்லது. அதாவது மூன்று தரத்தில் ஒருதரம்தான் ஒன்பதோ அதற்குக் கீழான கையோ கட்டுவான். பத்தையும் ஜாக்கையும் சேர்த்தால் 24 தாள், பாதிக்குச் சற்றுக் கூட. அப்படியானால் ஜாக் தலையாக உள்ள ஒரு கையை மாற்றாமல் வைத்திருக்கிறவனும், ஒன்று இழுக்கிறவனும் ஏறக்குறைய சமம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கையில் குப்பையை வைத்துக்கொண்டு, ஒரு தாளும் மாற்றாமல், “எனக்குப் போதும்” என்று சொல்லிவிட்டுப் பணத்தைத் தள்ளுவதற்கு அவர்களிடம் தனிப் பெயர் உண்டு. ஸ்னோ, அதாவது உறைபனி. இங்கே தை மாதத்தில்கூட விசிறி தேவைப்படுகிற ஊரில் இந்தப் பெயருக்கு என்ன செய்ய? ஆனாலும் வித்தை நல்ல வித்தை. அதற்கு உகந்த குப்பை எது என்பதிலும் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். மூன்று இரண்டு ஒன்றாக வந்துவிட்டதென்று வையுங்கள். உங்களுக்கு அது நாசமான கை. ஆனால் எதிராளி நல்ல கை கட்டத் தேடுகிற இரண்டுகளில் மூன்று உங்கள் மடியில் கிடக்கின்றன. அவனுக்கு வருகிற வழியை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உறைபனியைக் கொட்டினால் அவன் ஓடுவதற்கு வாய்ப்பு அதிகம். மேசையில் 100 கிடக்க நீங்கள் 100 தள்ளினால், இரண்டு தரத்தில் ஒருதரம் அவன் ஓடினாலே உங்களுக்கு நட்டமில்லை.

இதே வித்தையை எங்கள் கோட்டை வாசலிலேயே ஒருவன் போட்டுக் காட்டியிருக்கிறான். 1782ஆம் ஆண்டு, ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் 25 பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் கப்பல்களோடு வந்து இறங்கினார். கையில் படை இருந்தது, நேரம்தான் இல்லை. மதராசிலிருந்து ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் எந்த நேரமும் வந்துவிடலாம். ஹியூஸ் வந்தபின் கோட்டையும் பிடிபடாமல் இருந்தால் சுஃப்ரேனுக்கு முன்னாலும் பீரங்கி, பின்னாலும் பீரங்கி. ஆனால் அந்த அந்தரத்தை அவர் முகத்தில் காட்டவில்லை. கோட்டைக்காரர் சரணடைய என்ன மரியாதை கேட்டார்களோ அதையெல்லாம் தாராளமாகக் கொடுத்தார். ஆயுதத்தோடு வெளியே வரலாமா, வாருங்கள். கொடி பிடித்துக்கொண்டு வரலாமா, தாராளமாக. உள்ளே இருந்த அதிகாரியும் பெயருக்குக் கொஞ்சம் சுட்டுவிட்டுத் திருப்திப்பட்டார். 31ஆம் திகதிக்குள் இப்போது பிரட்றிக் கோட்டை என்று சொல்லுகிறதும், துறைமுக வாயைப் பார்த்து நிற்கிற ஒஸ்டன்பேர்க்கும் இரண்டும் பணிந்தன. செப்டெம்பர் 2 மாலை ஹியூஸின் பாய்கள் கடலில் தெரிந்தன. கோட்டையில் பிரெஞ்சுக் கொடி.

இன்னும் இரண்டே இரண்டு நாள் அந்த அதிகாரி கையைக் கீழே வைக்காமல் இருந்திருந்தால்! இன்றைக்குக் கோட்டைக்குள் மேய்கிற மான்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புத்தான் வரும். எதிராளி அளவுக்கு மிஞ்சித் தாராளமாக நடந்தால் அவனுக்கு எங்கேயோ அவசரம் இருக்கிறது. சேலைக் கடைக்காரனிடமும் இது செல்லும்.

கதை அதோடு முடிந்திருந்தால் சுஃப்ரேனை எங்கள் கூட்டத்துக்குக் குலதெய்வமாக வைத்திருப்பேன். மறுநாள், செப்டெம்பர் 3, வெளிக்கடலில் சண்டை. நடுவில் சுஃப்ரேனின் கப்பல் நின்று அடிபட, அவருடைய சொந்தக் கப்டன்மாரில் பலர் உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு வந்து சேரவில்லை. அவர் கப்பலின் பாய்மரம் முறிந்து விழுந்தது. இந்தப் பகுதியை நான் முதலிலேயே கவனமாக வாசித்திருக்க வேண்டும். 

மருமகன் திரும்பிப் போன மறுமாதம் உவர்மலையில் ஒரு பெரியவர் தவறிப்போனார். எண்பத்தெட்டு வயது, கலியாணச் சாவு. இரவு பதினொரு மணிக்குக் கூட்டம் கூடியது. மாஸ்டர் என் பார்ட்னர். அண்ணையும் நானாவும் அந்தப் பக்கம். தாள் போட்டவர் நானா, ஆகவே கேள்வியும் முதல் இறக்கமும் என்னுடையது. முதல் நாலில் ஒன்றுமில்லை, அறுபது என்றேன். அண்ணை எழுபது என்று எடுத்து ஒரு தாளைக் கவிழ்த்தார். மற்ற நாலும் வந்தன. எட்டையும் விரித்துப் பார்த்தேன். ஆட்டினில் ஒன்பதும் ஆஸும் எட்டும். மற்றதெல்லாம் ஏழும் எட்டும் ஒரு ராணியும். ஜாக் ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைபனி நினைவுக்கு வந்தது.

கணக்கும் போட்டேன், சும்மா இல்லை. என் எட்டில் ஜாக் இல்லையென்றால், மாஸ்டரின் எட்டில் ஒரு ஜாக்காவது இருக்க 100க்கு 83 வாய்ப்பு. நல்ல எண். பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போதுகூட 83 பொருத்தம் வராது. நான் 250 கேட்டால் அண்ணையும் நானாவும் வெருண்டு 260 கேட்பார்கள், 260 எடுக்க அவர்களால் முடியாது, நாலு காய் அவர்களுக்குப் போகும் என்று திட்டம்.

“இருநூற்றைம்பது.”

அண்ணை என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். நல்ல காலம், அன்றைக்குக் காலை மடக்கிக் குந்தியிருந்தேன். “பாஸ்” என்றார். நானாவும் பாஸ் என்றார், தேத்தண்ணியை வாங்கிக்கொண்டே.

போக்கருக்கும் முன்னூற்றிநாலுக்கும் உள்ள ஒரேயொரு பெரிய வித்தியாசத்தை மருமகன் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு முன்னூற்றிநாலு தெரியாது. அங்கே எல்லோரும் ஓடினால் வெருட்டினவன் வென்றான். கையைக் காட்டாமலே பணத்தை அள்ளிக்கொண்டு போகலாம். இங்கே எல்லோரும் ஓடினால் வெருட்டினவன் மாட்டினான். கேட்டவன் ஆட வேண்டும். எட்டுத் தாளையும், ஒவ்வொன்றாக, எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மாஸ்டரிடம் ஜாக் இருக்க 83 என்றால், அண்ணையிடம் இருக்கவும் அதே 83. நானாவிடம் இருக்கவும் அதே 83. அந்த இரண்டு பேரிலும் ஒருவரிடமும் ஜாக் இல்லாதிருக்க 150இல் ஒரு வாய்ப்புத்தான். 250ஐ உடைக்க அவர்களுக்கு 55 போதும்.

வெருட்டைத் தொடங்கினால் முடிவு வரைக்கும் போக வேண்டும் என்று மருமகன் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஆட்டினைத் துரும்பாகத் திறந்து வைத்தேன். முதல் இறக்கமாக ஆட்டின் ஒன்பதைத் தூக்கிப் போட்டேன். ஜாக்கைக் கையில் வைத்திராதவன் எவனாவது துரும்பு ஒன்பதை முதலில் இறக்குவானா? மாட்டான். ஆகவே ஜாக் என்னிடம் இருக்கிறதென்று நம்புவார்கள் என்பது என் யோசனை.

நம்பினார்கள். நம்பியவர் மாஸ்டர்.

அண்ணை ஆட்டின் ராசாவைப் போட்டார். மாஸ்டரிடம் ஆட்டின் இல்லை. பிடி எனக்குத்தான் என்ற முழு நம்பிக்கையோடு, பார்ட்னருக்குப் புள்ளி சேரட்டும் என்று, தன் கலாவரை ஆஸை எடுத்து என் ஒன்பதின் மேல் அன்பாக வைத்தார். நானா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஆட்டின் ஜாக்கை மெதுவாக இறக்கினார்.

20, 3, 11, 30. கூட்டினால் 64. 304இல் 64 போனால் 240. நான் கேட்டது 250. ஒரே பிடியில் ஆட்டம் முடிந்தது. இந்தத் துறைமுகத்தில் இவ்வளவு விரைவாக ஒன்று தாண்டதை நான் வேறு கண்டதில்லை.

மாஸ்டர் தன் ஏழு தாளையும் அடுக்கி, விளிம்பைத் தட்டி ஒழுங்காக்கிக் கீழே வைத்தார். அதில் இரண்டு ஜாக் இருந்தன. “ஜாக் இல்லாமலோ கேட்டனீ?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ச் செத்தவரின் தலைமாட்டில் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்.

ஆகவே என் மூன்றாவது அறிவுரை இது. ஜாக்கைக் கையில் வைத்திருக்கிறவனிடம் “ஜாக் என்னிடம்” என்று வெருட்ட முடியாது. அவனுக்கு அது எங்கே என்று தெரியும். வெருட்டு ஏறுவது தெரியாதவனுக்குத்தான். ஜாக் அந்தப் பக்கம் இருந்தால் எதிரிகளில் ஒருவர் தெரிந்தவராக இருப்பார், பார்ட்னரோ தெரியாதவர். போக்கரில் தனியாக உட்கார்ந்து பொய் சொல்லுகிறவன் ஊரை ஏமாற்றலாம். பார்ட்னரை எதிரே வைத்துக்கொண்டு சொல்லுகிறவன் முதலில் ஏமாற்றுவது அவரைத்தான்.

நானா இதை வேறுமாதிரிச் சொல்லுவார். அவருடைய எண்ணத்தில் இந்தத் துறைமுகமே கவிழ்த்து வைத்த துரும்பு. ஒல்லாந்தன் கேட்டான், பிரெஞ்சுக்காரன் கேட்டான், 1795இல் வெள்ளைக்காரன் கூடக் கேட்டு எடுத்தான். எடுத்தவன் ஆட வேண்டி வந்தது. எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினான், 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் வந்து குண்டு போட்டான், 1957இல் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். மிஞ்சிய 99 தாங்கிகளை 2022 ஜனவரியில் பங்கு பிரித்தார்கள். இந்தியன் ஒயில் கம்பனிக்கு 14, எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டு பேரும் சேர்ந்து நடத்த 61. “அறுபத்தொண்டும் பார்ட்னருக்கு, தம்பி” என்று சொல்லிவிட்டு நானா என்னையும் மாஸ்டரின் வெறும் கதிரையையும் மாறி மாறிப் பார்ப்பார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசு வைத்து ஆடாதீர்கள். இந்த நாட்டில் 1889இலேயே சூதாட்டத்துக்குக் கட்டளைச் சட்டம் போட்டுவிட்டார்கள். செத்தவீட்டில் பொலிஸ் வந்தால் அது துக்கம் விசாரிக்கவா இல்லையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கலிபோர்னியாவில் பழைய சட்டம் ஸ்டட் போக்கரைப் பெயர் சொல்லித் தடுத்தது, தாள் மாற்றுகிற ஆட்டத்தைச் சொல்ல மறந்துவிட்டது. அந்த ஓட்டைக்குள்ளால் கார்டீனா என்ற ஊரில் 1936 தொடக்கம் கடை விரித்து லோபோல் ஆடினார்கள். அப்படி ஓட்டை தேடுகிற வக்கீல் எங்கள் கூட்டத்தில் இல்லை. நாங்கள் பிஸ்கட் பக்கெட்டுக்கு ஆடுகிறோம். மலையாளத்தில் இருபத்தெட்டு என்ற ஆட்டத்தில் தோற்றவன் காதில் குணுக்கு மாட்டிவிடுவார்களாம். இந்தச் செய்தி அண்ணையின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

கோபப்பட்ட பார்ட்னரைச் சமாதானப்படுத்த வழி கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். ஏழு கிணறு இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, எந்தக் கோபத்துக்கும் அளவான தண்ணி கிடைக்கும். நான் கூப்பிட்டேன். மாஸ்டர் வரவில்லை. மணலில் ஈர்க்கால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், எட்டிப் பார்த்தேன். ஜாக் இல்லாத எட்டுத் தாளோடு 250 எடுக்க எத்தனையில் ஒரு வாய்ப்பு என்று போட்டுக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாகப் போனது. இடையிலே காற்று வந்து அழித்தது. மறுபடியும் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து டொக்யார்ட் வீதிப் பக்கம் இன்னொரு செத்தவீடு. மாஸ்டர் வந்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நானாவுக்கு எதிரே போட்டுக்கொண்டார். எனக்கு எதிரே அண்ணை மிஞ்சினார். தாள் போட்டார்கள். நான் நாலையும் தூக்கிப் பார்த்தேன். இரண்டு ஏழு, ஒரு எட்டு, ஒரு ராணி. எல்லாம் கூட்டி 2.

“அறுபது” என்றார் மாஸ்டர். என் பக்கம் திரும்பவில்லை, பந்தல் ஓலையைப் பார்த்தார்.

ஓலையைப் பார்க்கிறாரே என்று யோசித்தேன். இருந்தால் பார்ப்பாரா, இல்லாவிட்டால் பார்ப்பாரா?

“எழுபது” என்றேன்.

அண்ணை என் காலைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, செத்தவர் கிடந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.